ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மைல்

விளம்பரத்தை எழுதியது நான்தான்.
"ஒரே உரிமையாளர். மழை படாதது" என்று
ஓரின் சொல்லச் சொல்ல எழுதினேன்.
மூன்றாவது சொல்லில் பேனா கொஞ்சம் நின்றது.
அவர் கவனிக்கவில்லை
என்றுதான் நினைத்தேன்.

கராஜில் ஏழு வண்டிகள்.
ஏழுக்கும் சேர்த்து ஒரு ஹீட்டர்.
வடக்கு டகோட்டாவின் ஜனவரியில்
எங்கள் படுக்கையறைக்கு இரண்டு கம்பளி.
யாராவது கேட்டால் சிரித்து வைப்பேன்.
யாரும் கேட்டதில்லை.

விற்கப்போவது நான்காவது.
கருஞ்சிவப்பு க்ரூஸர்,
சோபா போல் அகன்ற இருக்கை,
மாட்டுக்கொம்பாய் விரிந்த கைப்பிடி.
பதினெட்டு வருடத்தில் ஓடியது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மைல்.
எங்கள் பூனை அதைவிட நடந்திருக்கும்.

ஞாயிறு காலை, வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தால்
பெட்ரோல் பங்க் வரை போய்வருவார்.
ஒரே ஒருமுறை என்னைப் பின்னால் ஏற்றி
ஏரிக்குக் கிளம்பினார்.
பாதி வழியில் கைக்குட்டை அளவு மேகம்.
திரும்பிவிட்டோம்.
கட்டிக்கொண்டு போன சாண்ட்விச்சை
கராஜில் நின்றபடியே தின்றோம்,
குரோமில் எங்கள் தாடைகள் கோணலாய் அசைய.

இப்போது அவர் முழங்கால் மடங்குவதில்லை.
ஒன்றை விற்பது என்று முடிவாக நாலு மாதம்.
எதை என்பதற்கு இன்னும் இரண்டு.

மரிசேலா வந்தாள்.
கவுண்டிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள்.
டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
மல்லாந்து படுத்து என்ஜினுக்கு அடியில் டார்ச் அடித்தாள்.
ஓரின் தானாகவே கீறலைக் காட்டினார்:
டேங்கின் இடப்பக்கம், அரிசியளவு.
அதற்கு இருநூறு டாலர் குறைத்தார்.
எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை.
நான் என் மழைக்கோட்டின் பித்தளைப் பொத்தானை நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த நீல நோட்டு.
தேதி, தூரம், டயர் காற்று, ஆயில்.
மரிசேலா புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.
"ஜூன் ஒன்பது. நாற்பத்து மூன்று மைல்.
நான் அல்ல."
வாசித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜூன் அது.
பித்தப்பையை எடுத்துவிட்டு அவர் ஆஸ்பத்திரியில் தூங்கிக்கொண்டிருந்தார்.
வீட்டுக்கு வந்தவள்
விளக்கைக்கூடப் போடவில்லை, சாவியை எடுத்தேன்.
அண்ணன்களின் வண்டியில் பழகிய கை
எதையும் மறந்திருக்கவில்லை.
கோதுமைக் கிடங்கைத் தாண்டும்போது மழை பிடித்தது.
திரும்பியிருக்கலாம்.

விடியுமுன் ஏழு துண்டுகளால் துடைத்து
ஏழையும் துவைத்துக் காயப்போட்டேன்.
சாவியை அதே ஆணியில் அதே கோணத்தில் மாட்டினேன்.
மீட்டரை மறந்துபோனேன்.

ஒன்பது வருடம் இந்த மனிதர்
இதே மேஜையில் எதிரே உட்கார்ந்து
உப்பை நகர்த்து என்பார், வெண்ணெயை நகர்த்து என்பார்.

"மழையில் எப்படி ஓடும்?" என்றாள் மரிசேலா.
அவளுக்கு வேறெதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை.

ஓரின் டேங்கின் மூடியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.
"எனக்குத் தெரியாது" என்றார்.
"அவளைக் கேள்."

காதெல்லாம் சுட்டது எனக்கு, அறுபத்தாறு வயதில்.
"பாலத்தின் இரும்புத் தளத்தில் கொஞ்சம் வழுக்கும்" என்றேன்.
"பிரேக்கைத் தொடாதே.
அது தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும்."

மரிசேலா பணத்தை எண்ணினாள், நோட்டையும் வாங்கிக்கொண்டாள்.
திருப்பம் வரை சத்தம் கேட்டது, பிறகு காற்று மட்டும்.
நான்காவது இடத்தில் சிமெண்ட் மட்டும்
மற்ற இடத்தைவிட வெளுப்பாக.

"மழை படாதது" என்று எதற்குச் சொன்னார்?
பேனா நிற்கிறதா என்று பார்க்கத்தானோ.

இரவு, கம்பளிக்குள்ளிருந்து கேட்டார்:
"பாலம் வரைக்குமா?"

"பாலம் தாண்டி" என்றேன்.